பழைய ஆர்கேட் கார் மெஷினில் ஸ்டீயரிங், பெடல், கியர் மக்கர் செய்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான்: எண்பதுகளில் வந்த கார் ஓட்டும் ஆர்கேட் மெஷின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் கார் இடது பக்கமே இழுக்கிறது, சில நேரம் நடுவில் நடுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வேகம் பாதிதான். லோ, ஹை என்று இரண்டே கியர், அதிலும் ஹை விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஸ்டீயரிங் பாட், பெடல் பாட் (திருப்பும், மிதிக்கும் அளவைப் படித்துச் சொல்லும் பாகங்கள்), கியர் செட் மூன்றையும் புதிதாக வாங்கி மாட்டிவிடலாமா?

வேண்டாம். இப்போதே வேண்டாம். மூன்று புகார் இருக்கிறது என்பதால் மூன்று பழுது இருக்கிறது என்று அர்த்தமில்லை. முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: லோ கியரிலேயே மாட்டிக்கொண்டால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, ஆட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆக உங்கள் "பாதி வேகம்" பெடலின் குற்றமாகவே இல்லாமல் போகலாம், கியர் சுவிட்சுக்குப் போகும் ஒரு வயர் கழன்றிருந்தாலே இரண்டு புகாரும் வந்துவிடும். அதே மாதிரி ஸ்டீயரிங் இழுப்பதும் பெடல் சரியாகப் படிக்காததும் ஒரே கிரவுண்டு வயரின் வேலையாகவும் இருக்கலாம். பாகம் வாங்குவதற்கு முன்னால் சிக்னல் எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மல்டிமீட்டர் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் பெரும்பாலான பழுது பிடிபட்டுவிடும்.

ஆரம்பிக்கும் முன் உங்கள் மெஷினில் என்ன வகை ஸ்டீயரிங் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வைத்தியமே வேறு வேறு. ஒன்று, எந்தப் பக்கமும் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போகும் வகை. அட்டாரியின் 1976 நைட் டிரைவர், ஸ்பிரின்ட் 2, நாம்கோ 1982இல் கொண்டுவந்த போல் பொசிஷன், அப்புறம் 1986 சூப்பர் ஸ்பிரின்ட் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றில் ஸ்டீயரிங் ஷாஃப்டின் அடியில் பல் வெட்டிய அல்லது துளையிட்ட ஒரு தட்டும், அதன் இரு பக்கமும் ஒளி சென்சார்களும் இருக்கும். போல் பொசிஷனை முதன்முதலாகத் தொடுகிறவர்கள் "ஸ்டீயரிங் நிற்க மாட்டேன்கிறது, ஸ்டாப்பர் உடைந்துவிட்டது" என்று தேட ஆரம்பிப்பார்கள். உடையவில்லை, அதில் ஸ்டாப்பரே கிடையாது. இரண்டாவது வகை, இரு பக்கமும் ஒரு அளவு வரை திரும்பி நின்று, விட்டால் நடுவுக்கு வருவது. சேகாவின் 1986 அவுட் ரன், டைட்டோவின் 1988 சேஸ் ஹெச்க்யூ, பின்னால் வந்த டேடோனா யூஎஸ்ஏ, மிட்வேயின் 1994 க்ரூஸின் யூஎஸ்ஏ எல்லாம் இது. இவற்றில் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பாட். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கத் திருப்புவோமே, அதே சாமான்தான். நீங்கள் சொல்லும் "நேராகப் பிடித்தாலும் இடது பக்கம் இழுக்கிறது" என்பது பாட் வகையின் அடையாளம். சுற்றிக்கொண்டே இருக்கும் வகைக்கு "நேர்" என்ற ஒன்றே தெரியாது, எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும்தான் அது எண்ணும்.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நின்று ஆடும் கேபினட்டில் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் பின்னாலேயே பழைய பிக்சர் டியூப் இருக்கும். அதன் உயர் மின்னழுத்த முனையான ஆனோடில் ஓடும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் தங்கியிருக்கலாம். கழுத்துப் பகுதியைக் கை தவறி இடித்தால் டியூபே போய்விடும். பவர் சப்ளை பெட்டியில் மெயின்ஸ் கரன்ட் திறந்த டெர்மினல்களிலேயே வரும். கழற்றுவது, மாட்டுவது, ஓம் பார்ப்பது எல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. வோல்ட் பார்க்கும்போது மட்டும் பவர் போட்டு, ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள், மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சரி, முதல் வேலை டெஸ்ட் மோடு. காசு போடும் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு டெஸ்ட் பட்டனோ சின்ன ஸ்லைடு சுவிட்சோ இருக்கும். அதை அழுத்தி இன்புட் டெஸ்ட் பக்கத்துக்குப் போங்கள். சேகா மெஷின்களின் கையேட்டிலோ மெனுவிலோ "வால்யூம்" என்று பார்த்தால் அது ஸ்பீக்கர் சத்தம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள், அவர்கள் பாட்டையும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் திரையில் ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் ஓடும். எட்டு பிட் கணக்கு என்பதால் 0 முதல் 255 வரை, பல மெஷின்களில் ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாக வைத்து எண் எழுதும் முறை) காட்டும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது நடு எண் 128, ஹெக்ஸில் 80, அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கை எடுத்தபின் எண் அசையாமல் நிற்கிறதா, மெதுவாகத் திருப்பினால் படிப்படியாக ஏறுகிறதா, நடுவில் எங்கேயாவது சட்டென்று தாவுகிறதா, இடது கடைசியும் வலது கடைசியும் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள், பிறகு எதை மாற்றினாலும் ஒப்பிடுவதற்கு அதுதான் கணக்கு.

எண் ஓட்டம் வழுவழுப்பாக இருந்து நடு மட்டும் தள்ளியிருந்தால், உதாரணமாக நேராக நிற்கும்போது 128க்குப் பதில் 105 காட்டினால், பாட் நல்ல பாட். ஸ்டீயரிங்கையும் பாட்டையும் இணைக்கும் பற்சக்கரத்தில் (இதையும் கியர் என்றுதான் சொல்வார்கள்) பல் ஒன்று தாவியிருக்கும் அல்லது பாட்டைப் பிடித்திருக்கும் தகடு நகர்ந்திருக்கும். இதற்கு ஒரு பைசாவும் செலவு கிடையாது. எண் நடுவில் நடுங்கினாலோ ஒரு இடத்தில் மட்டும் தாவினாலோ பாட் தேய்ந்திருக்கிறது. கார்பன் பாட்டின் மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: லாட வடிவத்தில் ஒரு கருப்புத் தடம், அதன் மேல் உரசிக்கொண்டு போகும் சின்ன உலோக விரல், அந்த விரல் வருஷக்கணக்காகப் போய்வந்த நடுப்பகுதியில் மட்டும் கருப்பு வெளுத்துப் பளபளவென்று ஒரு கீறல், அதற்குப் பக்கத்தில் உதிர்ந்த கரித்தூள். ஓட்டுகிறவர் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை அங்கேதானே ஆட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு ஓரங்களும் புதுசு மாதிரி இருக்கும், நடு மட்டும் செத்திருக்கும்.

இதற்கு கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அடித்துப் பாருங்கள், தூசி மட்டும்தான் பிரச்சினை என்றால் போய்விடும். தடமே தேய்ந்திருந்தால் கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், கீறல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கிளீனரை வீணாக்காமல் பாட்டை மாற்றிவிடுவதுதான் நல்லது. துரு எடுக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் பாட்டுக்குள் அடிக்காதீர்கள், அதன் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி நிலைமை மோசமாகும்.

மீட்டரில் சரிபார்ப்பது சுலபம். பவரை அணைத்து, பாட்டின் கனெக்டரைக் கழற்றிவிட்டு (கழற்றாமல் பார்த்தால் போர்டில் உள்ள ரெசிஸ்டர்களும் அளவில் சேர்ந்து குழப்பும்) இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். அந்தக் கால மெஷின்களில் அடிக்கடி வருவது 5 கிலோ ஓம். பாட்டைத் திருப்பினாலும் இந்த அளவு மாறக் கூடாது. பிறகு நடுக்காலுக்கும் ஒரு ஓரக் காலுக்கும் மீட்டரை வைத்து மெல்லத் திருப்புங்கள். டிஜிட்டல் மீட்டர் கொஞ்சம் மந்தம், ஒரு கணம் தொடர்பு விட்டுப்போவதை அது காட்டாமலே கடந்துவிடும். பழைய முள் மீட்டர் இருந்தால் அதை எடுங்கள், முள் துள்ளுவது பளிச்சென்று தெரியும்.

இப்போது பலரும் கோட்டை விடுகிற இடத்துக்கு வருவோம். ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் மூன்று பாட்டுக்கும் பெரும்பாலும் ஒரே 5 வோல்ட் வயரும் ஒரே கிரவுண்டு வயரும்தான் கிளை பிரிந்து போகின்றன, நடுக்கால் மட்டும் தனித்தனியாகப் போர்டுக்குப் போகும். அதனால் டெஸ்ட் திரையைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதியுங்கள். ஸ்டீயரிங் எண் கொஞ்சமாவது நகர்ந்தால் பாட்டைத் திட்டிப் பயனில்லை. பொது கிரவுண்டிலோ 5 வோல்ட்டிலோ எங்கேயோ ஒரு கனெக்டர் கருத்துப்போய், பெடலோடு வயர் அசையும்போது தொடர்பு ஆடுகிறது, அல்லது இரண்டு பாட்களின் நடுக்கால் வயர்கள் எங்கேயோ ஒன்றையொன்று தொடுகின்றன. கிரவுண்டு முழுதாகவே அறுந்திருந்தால் எல்லா எண்ணும் 255ஐ ஒட்டிப் போய் நிற்கும். 5 வோல்ட் அறுந்திருந்தால் எல்லாம் பூஜ்யத்தில் கிடக்கும். ஒரே ஒரு பாட்டின் நடு வயர் மட்டும் அறுந்தால் அந்த எண் மட்டும் இஷ்டத்துக்கு மிதக்கும், சில போர்டுகளில் பக்கத்து பெடலின் எண்ணையே காப்பி அடிப்பது போல ஆடும். இந்த நான்கு அடையாளங்களை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று பாட் வாங்கும் செலவு மிச்சம்.

கிரவுண்டை நேராகவே சோதிக்கலாம். பவரைப் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்புக் கம்பியைப் பவர் சப்ளையின் கிரவுண்டு டெர்மினலிலும் சிவப்புக் கம்பியைப் பாட்டின் கிரவுண்டுக் காலிலும் வையுங்கள். பூஜ்யம் அல்லது அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் நடுவில் உள்ள கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போங்கள். வெள்ளை நைலான் கனெக்டரில் பின் கருத்திருக்கும், சூட்டில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், அல்லது பின் பின்னாலே தள்ளிப்போய் வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியிருப்பது போலவே தெரியும். பெடலோடு சேர்ந்து அசையும் வயர்களில் இன்னொரு தந்திரம்: இன்சுலேஷன் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும், பாட்டின் காலுக்கு அரை அங்குலம் தள்ளி. மீட்டரை வைத்தபடி வயரை ஆட்டி ஆட்டிப் பாருங்கள்.

பாட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லீனியர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பி5கே என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 5 கிலோ ஓம் லீனியர்தான். ஏ என்று ஆரம்பித்தால் அது ஆடியோ டேப்பர், சத்தத்துக்கு ஏற்றபடி செய்தது, ஸ்டீயரிங்கில் போட்டால் ஒரு பக்கம் தொட்டாலே துள்ளும், மறுபக்கம் சுற்றினாலும் அசையாது. 5க்குப் பதில் 10 கிலோ ஓம் போடலாமா என்றால், மூன்று வயர் போகும் பாட் என்றால் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் போர்டு பார்ப்பது வோல்ட்டின் விகிதத்தைத்தான். இரண்டே வயர் போகிறது என்றால் போர்டு ஓம் அளவையே பயன்படுத்துகிறது, அங்கே அளவு மாறவே கூடாது. கார்பனுக்குப் பதிலாகக் கன்டக்டிவ் பிளாஸ்டிக் வகை கிடைத்தால் கூடக் கொஞ்சம் செலவானாலும் அதையே போடுங்கள், தேய்மானம் ரொம்பக் குறைவு. ஷாஃப்டின் விட்டம், நீளம், ஒரு பக்கம் தட்டையாக வெட்டியதா முழு வட்டமா என்பதையும் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், 6 மில்லிமீட்டர் ஷாஃப்டும் கால் அங்குல ஷாஃப்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், கியர் மாட்டும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

சால்டர் வைக்கும் முன் பழைய பாட்டைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு ஓர வயர்களை மாற்றிப் போட்டுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஸ்டீயரிங் இடம் வலம் மாறி வேலை செய்யும், திருப்பி மாட்டினால் போதும். ஆனால் நடுக்காலில் 5 வோல்ட்டைக் கொடுத்து ஓரக் காலில் கிரவுண்டைக் கொடுத்துவிட்டால், அந்த ஓரத்துக்குத் திருப்பும்போது நேர் ஷார்ட், புதுப் பாட்டின் தடம் அங்கேயே கருகிவிடும்.

நடுவைச் சரிசெய்வதில் அவசரம் கூடாது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது டேப் போட்டு நிறுத்துங்கள். பாட் தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கியர் பல்லைப் பிரித்து, டெஸ்ட் திரையில் 128 வரும்வரை பாட்டை மட்டும் திருப்பி, பல்லை மறுபடி சேர்த்து இறுக்குங்கள். மீட்டரில் பார்ப்பதென்றால் நடுக்காலில் ஏறக்குறைய 2.5 வோல்ட். பல்லை ரொம்ப அழுத்திச் சேர்த்தால் பாட்டின் புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை) சீக்கிரம் ஆடிப்போகும், தளர்வாக விட்டால் ஸ்டீயரிங்கில் செத்த இடைவெளி வரும். இரண்டுக்கும் நடுவே, கையால் ஆட்டினால் மயிரிழை அசைவு இருக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் ரப்பர் ஸ்டாப்பர் தடுப்பதற்கு முன்பே பாட் தன் முடிவைத் தொட்டுவிட்டால் எங்கேயோ தப்பு, நாலு பேர் வேகமாக ஆடினால் பாட்டின் உள்ளே இருக்கும் ஸ்டாப்பரே முறிந்துவிடும். ஸ்டாப்பர் ரப்பர் நொறுங்கிப்போன பழைய மெஷின்களில் பாட் திரும்பத் திரும்ப உடைவதற்கு இதுதான் காரணம், பாட்டின் தரம் அல்ல.

பெடலிலும் அதே பாட், அதே சோதனை, ஆனால் இங்கே இரும்பு வேலைதான் அதிகம் காலை வாரும். காலால் மிதிப்பதால் வரும் அடி எல்லாம் பெடல் அச்சின் புஷ்ஷுக்கும் பிளாஸ்டிக் கியருக்கும் போகிறது. புஷ் தேய்ந்தால் பெடல் ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் பல் ஒன்று தாவும், தாவினால் முழுக்க மிதித்தாலும் எண் பாதியிலேயே நிற்கும். உங்கள் பெடலை மிதிக்கும்போது டெஸ்ட் திரையில் எண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காலை எடுத்தால் ஆரம்ப எண்ணுக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் திரும்பாது, ஆட்டத்தில் கார் தானாகவே ஊர்ந்துகொண்டிருக்கும். பெடலுக்கு அடியில் காசு, குச்சி, மிட்டாய்த் தாள் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் சேர்த்துத்தான். சிரிக்க வேண்டாம், முழு மிதிக்கு இடமே விடாமல் இப்படி ஏதாவது கிடப்பது சகஜம்.

ரொம்பப் பழைய மெஷின்களில் பெடலில் பாட்டே இருக்காது. 1974இல் அட்டாரி விட்ட கிரான் டிராக் 10, ஸ்டீயரிங்கும் பெடலும் கியரும் சேர்ந்து வந்த முதல் வீடியோ கேம் என்று சொல்லப்படுவது, அதன் உள்ளே மைக்ரோபிராசஸர்கூடக் கிடையாது, பெடல் வெறும் ஆன் ஆஃப் சுவிட்ச். நைட் டிரைவரும் ஸ்பிரின்ட் 2வும் அப்படியே. அவற்றில் "பாதி வேகம்" என்ற பேச்சே எழாது. இதற்கு நேர் எதிர்க்கோடியில் 1989 ஹார்ட் டிரைவின்: உட்கார்ந்து ஓட்டும் பெரிய கேபினட்டின் பிரேக் பெடல் அசைவதே தெரியாது, ஏனென்றால் அது நகர்வை அளக்கவில்லை, காலின் அழுத்தத்தை ஸ்ட்ரெய்ன் கேஜ் வைத்து அளக்கிறது. பெடல் இறுகிவிட்டது என்று நினைத்து எண்ணெய் போட்டு நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது இறுகியே இருக்க வேண்டிய பெடல்.

கியருக்கு வருவோம். லோ ஹை கியரில் பெரும்பாலும் ஒரே ஒரு மைக்ரோசுவிட்ச்தான்: அழுந்தினால் ஒரு கியர், அழுந்தாவிட்டால் இன்னொன்று. அதனால் வயர் அறுந்தாலும் போர்டுக்கு அது தெரியாது, ஏதோ ஒரு கியரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். டெஸ்ட் திரையில் லீவரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். கிளிக் சத்தம் கேட்டும் திரை மாறவில்லை என்றால் சுவிட்சோ வயரோ. கிளிக்கே கேட்கவில்லை என்றால் லீவர் சுவிட்ச்வரை போய்ச் சேரவில்லை, தகடு வளைந்திருக்கும் அல்லது லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் உருளையும் தேய்ந்திருக்கும். பவரை அணைத்துச் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு காமன் (பொது) காலுக்கும் நார்மலி ஓப்பன் (அழுத்தினால் மட்டும் இணையும்) காலுக்கும் கன்டினியூட்டி, அதாவது தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், அழுத்தும்போது ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும், பத்து இருபது என்று ஆடினால் உள்ளே கருகியிருக்கிறது. மைக்ரோசுவிட்சைப் பிரித்துச் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள். நான்கு கியர் மெஷின்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை, நாலு கியருக்கு நாலு சுவிட்ச் என்று எதிர்பார்க்காதீர்கள், சிலவற்றில் சுவிட்சுகளின் கூட்டணியை வைத்துத்தான் போர்டு எந்தக் கியர் என்று முடிவு செய்கிறது. ஒரு சுவிட்ச் செத்தால் இரண்டு கியர் காணாமல் போகும், மூன்றாவது போட்டால் முதலாவது விழும்.

உங்களுடையது பாட் வகைதான் என்றாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒளி சென்சார் வகையையும் சொல்லிவிடுகிறேன். தட்டின் பற்கள் இரண்டு சென்சார்களைக் கடந்து போகின்றன, இரண்டும் ஒரு துடிப்பில் கால் பங்கு முன்பின்னாகத் துடிக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் இடமா வலமா என்று போர்டு கண்டுபிடிக்கிறது. இதனால் ஒரு சென்சார் மட்டும் போனால் வேடிக்கையான கோளாறுகள் வரும். அட்டாரியின் பழைய சர்க்யூட்களில் ஒரு சென்சார் எண்ணிக்கைக்கும் மற்றது திசைக்கும் என்று பிரித்திருந்தால், திசை சென்சார் செத்தபின் நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் ஒரே பக்கம் போகும், எண்ணிக்கை சென்சார் செத்தால் அசையவே அசையாது. இரண்டையும் சாஃப்ட்வேர் சேர்த்துப் படிக்கும் மெஷினில் கார் ஒரே இடத்தில் இடம் வலமாக நடுங்கும். இரண்டு சென்சாரின் வயர்கள் இடம் மாறினால் ஸ்டீயரிங் தலைகீழாக வேலை செய்யும், அவ்வளவே.

சோதிக்க, பவர் போட்டு சென்சார் போர்டின் அவுட்புட்டில் மீட்டரை வைத்து தட்டை ஒவ்வொரு பல்லாக விரலால் நகர்த்துங்கள். 0.8 வோல்ட்டுக்குக் கீழும், அடுத்த பல்லில் 2 வோல்ட்டுக்கு மேலேயும் போக வேண்டும். நல்ல சென்சார் கிட்டத்தட்ட 0க்கும் 5க்கும் நடுவே தாவும். 1.2, 1.5 என்று நடுவிலேயே தத்தளித்தால் இன்ஃப்ராரெட் எல்ஈடி மங்கிவிட்டது அல்லது தூசி மூடியிருக்கிறது. எல்ஈடி எரிகிறதா என்று போன் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா நிறத்தில் மின்னும் (சில போன்களில் பின் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், முன் கேமராவில் பாருங்கள்). பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே பாதி மெஷின் உயிர் பெற்றுவிடும். தட்டை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் ஸ்டீயரிங் சுற்றும், தட்டு சுற்றாது, எலக்ட்ரானிக்ஸில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, அதனால் அதை முதலில் பாருங்கள். இன்னொன்று: கேபினட்டின் பின்கதவைத் திறந்துவைத்து வெயில் உள்ளே விழும்போது சோதித்தால் சென்சார் குருடாகி நல்ல போர்டையும் சந்தேகப்பட வைக்கும்.

தொண்ணூறுகளில் வந்த, ஸ்டீயரிங்கே கையைப் பிடித்து இழுக்கும் மெஷின்கள் தனி ரகம். பாட்டோடு சேர்த்து ஒரு மோட்டார், பெல்ட், அதற்கென்று தனி டிரைவ் போர்டு இருக்கும். பவர் போட்டதும் பல மெஷின்களில் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் போய் நடுவைத் தேடும், அந்த நேரத்தில் கையை உள்ளே விட்டிருந்தால் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக வெறித்தனமாக ஓடி முட்டிக்கொண்டு நின்றால் டிரைவ் போர்டைக் குறை சொல்லும் முன் யாராவது சமீபத்தில் பாட்டை மாற்றினார்களா என்று விசாரியுங்கள். ஓர வயர்கள் மாறியிருந்தால் போர்டு நடுவுக்குத் தள்ளுவதாக நினைத்து வெளியே தள்ளும், தூரம் கூடக் கூட இன்னும் பலமாகத் தள்ளும். மோட்டார் வயர்கள் மாறினாலும் இதே கூத்துதான். நடுவிலேயே இடைவிடாமல் ஆடிக்கொண்டிருந்தால் பாட் நடு தேய்வு அல்லது பெல்ட் தளர்வு. மோட்டார் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், பிறகு மோட்டாரின் கார்பன் பிரஷ். பாட்டைச் சரிசெய்யும்போது மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு வேலை பாருங்கள்.

கடைசியாகப் போர்டு. பாட், வயர், கனெக்டர் எல்லாம் சுத்தம், ஆனாலும் எண் தப்பு என்றால்தான் இங்கே வர வேண்டும். ஒரு சுலபமான வழி இருக்கிறது: மூன்று பாட்டுக்கும் ஒரே அளவு, ஒரே மின்சாரம் என்பதால் ஸ்டீயரிங் பாட்டின் நடு வயரையும் ஆக்ஸிலரேட்டரின் நடு வயரையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள் (மோட்டார் உள்ள மெஷினில் இதைச் செய்யாதீர்கள்). கோளாறு பெடல் எண்ணுக்கு இடம் மாறினால் பாட்டிலோ வயரிலோதான் பழுது, ஸ்டீயரிங் எண்ணிலேயே உட்கார்ந்திருந்தால் போர்டில், அனலாக் அளவை எண்ணாக்கும் சிப்புக்கு முன்னாலுள்ள பாதையில். எல்லா எண்ணும் சேர்ந்து உறைந்து நின்றால் அந்த ஏடிசி சிப்பே சந்தேகத்துக்குரியது. இதை நீங்களே சால்டர் எடுத்துச் செய்வதைவிடப் பழைய போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது உத்தமம்.

மெனுவில் காலிபரேஷன் (நடு, கடைசி எண்களை மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது) இருக்கும் மெஷின் என்றால் இதையெல்லாம் முடித்த பிறகு ஒருமுறை ஓட்டிவிடுங்கள், முன்னால் செய்தால் தேய்ந்த பாட்டின் தப்பு எண்ணையே சரி என்று மனப்பாடம் செய்துகொள்ளும். அப்படிச் சேமித்த எண்கள் ஒவ்வொரு முறை பவரை அணைக்கும்போதும் மறந்துபோனால் போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்திருக்கிறது. கசிய ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கசிவு பக்கத்துத் தடங்களைத் தின்றுவிடும்.

உங்கள் மெஷினில் நான் சொல்லும் வரிசை இது: முதலில் கியர் லீவரைத் தள்ளி டெஸ்ட் திரையில் ஹை நிற்கிறதா என்று பாருங்கள், நின்ற பிறகும் வேகம் பாதிதானா என்று ஓட்டிப் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கைத் தொடாமல் பெடலை மிதித்து ஸ்டீயரிங் எண் அசைகிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் இடது, நடு, வலது எண்கள், பெடல் மிதிக்காமலும் முழுக்க மிதித்தும் வரும் எண்கள், இந்த ஐந்தையும் எழுதி மெஷின் பெயரோடு கீழே போடுங்கள், எதைக் கழற்றுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.